முதுகுவலிக்காரரை நம்புவதா வேண்டாமா: கோர்டன் வாடெலின் ஐந்து சோதனைகள்

முதுகுவலி என்று வந்தவரை டாக்டர் நிற்க வைக்கிறார். உச்சந்தலையில் கையை வைத்து லேசாக அழுத்துகிறார். அப்படி அழுத்தினால் கழுத்து வேண்டுமானால் வலிக்கலாம், இடுப்பு வலிப்பதற்கு உடற்கூறுப்படி பெரிய காரணம் இல்லை. அடுத்து தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து ஒரே கட்டையாகத் திருப்புகிறார். முதுகெலும்பு முறுக்கப்படவே இல்லை, ஆனாலும் வலிக்கிறது என்கிறாரா என்று பார்க்கிறார். படுக்க வைத்துக் காலைத் தூக்கும்போது கொஞ்ச உயரத்திலேயே அலறுகிறவர், உட்கார்ந்தபடி பேச்சுக் கொடுத்துக்கொண்டே காலை நீட்டச் சொன்னால் சாதாரணமாக நீட்டிவிடுகிறாரா? தோலை லேசாகக் கிள்ளினாலே பெரிய பரப்பில் வலிக்கிறதா? நரம்பு ஓடும் பாதைக்குச் சம்பந்தமே இல்லாமல் கால் முழுக்க மரத்துப்போய்விட்டது என்கிறாரா? தொட்டதற்கே மிகையாகத் துடிக்கிறாரா? தலையை அழுத்துவதும் உடம்பைத் திருப்புவதும் ஒரே வகை என்று எடுத்துக்கொண்டால் மொத்தம் ஐந்து வகைச் சோதனைகள். இதில் மூன்றோ அதற்கு மேலோ தேறினால் கவனிக்க வேண்டிய விஷயம் என்று 1980இல் ஒரு கட்டுரை சொன்னது. எழுதிய நால்வரில் முதல் பெயர் கோர்டன் வாடெல். கிளாஸ்கோவைச் சேர்ந்த எலும்பு அறுவை மருத்துவர்.

அந்தச் சோதனைகளுக்கு 'வாடெல் அடையாளங்கள்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. மருத்துவ மாணவர்கள் தேர்வுக்குப் படிக்கிறார்கள். ஆனால் அவை மிகவும் பிரபலமானது வேறு இரண்டு இடங்களில்: இன்ஷூரன்ஸ் கம்பெனி அலுவலகத்திலும் கோர்ட்டிலும். "ஐந்தில் நான்கு இருக்கிறது, ஆகவே இவர் நடிக்கிறார்" என்று எழுதித் தருவதற்கு அது வசதியான ஆயுதமாகப் போயிற்று. வாடெல் சொன்னது அது இல்லை. அவர் சொன்னதற்கும் உலகம் எடுத்துக்கொண்டதற்கும் இடையில் உள்ள தூரம்தான் என்னை இந்த ஆளைப் பற்றி எழுத வைக்கிறது. முதுகுவலி மருத்துவத்தைக் கடந்த நாற்பது ஆண்டுகளில் இவர் அளவுக்குப் புரட்டிப்போட்டவர்கள் ரொம்பக் குறைவு. அதே நேரம், இவருடைய கருத்தைக் காட்டி நோயாளிகளின் வயிற்றில் அடிக்கவும் முடிந்தது, அதில் இவருக்கே ஒரு பங்கு உண்டு.

வாடெல் பிறந்தது 1942இல், இறந்தது 2017இல். அவருடைய கேள்வி தொடங்கிய இடம் கிளாஸ்கோ கூட இல்லை, கனடாவின் டொரான்டோ. அங்கே ஒண்டாரியோ தொழிலாளர் இழப்பீட்டு வாரியத்தின் வழியாக வந்த நோயாளிகளை அவரும் சகாக்களும் ஆராய்ந்தார்கள். வேலையில் அடிபட்டு, டிஸ்க் (முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டு) ஆபரேஷன் செய்து, அது சரியாகாமல் மறுபடி ஆபரேஷன், அப்புறம் இன்னொன்று என்று போனவர்கள். 1979இல் வெளிவந்த அந்த ஆய்வின் முடிவு எந்த சர்ஜனுக்கும் உவப்பானதாக இருந்திருக்காது: ஒவ்வொரு கூடுதல் ஆபரேஷனுக்கும் தேறுகிறவர்கள் குறைந்துகொண்டே போனார்கள், மோசமாகிறவர்கள் கூடிக்கொண்டே போனார்கள். நன்றாகத் தைக்கத் தெரிந்த, நல்ல கருவிகள் உள்ள சர்ஜன்கள்தான் இதைச் செய்தது. அப்படியானால் எங்கே தப்பு? யாருக்குக் கத்தி வைக்கிறோம் என்ற தேர்வில்தான் என்ற முடிவுக்கு வாடெல் வந்தார்.

அடுத்த ஆண்டு வந்த ஐந்து சோதனைகளின் நோக்கம் இதிலிருந்து பிறந்ததுதான். பிரிட்டனிலும் வட அமெரிக்காவிலுமாக 350 நோயாளிகளிடம் பார்த்து, இந்த அடையாளங்கள் பல சேர்ந்து வருகிறவர்களுக்கு முதுகில் மட்டும் பிரச்சினை என்று நினைத்துக் கத்தியை எடுக்காதீர்கள், அவர்களுடைய மனநிலை, பயம், வாழ்க்கை நெருக்கடி எல்லாவற்றையும் இன்னும் விரிவாகப் பாருங்கள் என்றார்கள். அவசரப்பட்டு ஆபரேஷன் செய்யும் டாக்டரிடமிருந்து நோயாளியைக் காப்பாற்ற வந்த சோதனை இது. அதைத்தான் திருப்பிப் போட்டு நோயாளிக்கு எதிரான பொய் பிடிக்கும் இயந்திரம் ஆக்கினார்கள். 1998இல் உளவியலாளர் கிறிஸ் மெய்னும் வாடெலும் சேர்ந்து, இதைத் தப்பாகப் பயன்படுத்துகிறீர்கள், இது நடிப்பைக் கண்டுபிடிக்கும் சோதனையே அல்ல, ஏதாவது ஒன்றிரண்டு அடையாளத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள் என்று தனிக் கட்டுரையே எழுத வேண்டி வந்தது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து வந்த விளக்கம். அதற்குள் எத்தனை பேரின் இழப்பீடு மறுக்கப்பட்டிருக்கும் என்று யாரும் எண்ணி வைக்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. 2003இல் மயாமியைச் சேர்ந்த டேவிட் ஃபிஷ்பெயின் குழு, அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் அலசிப் பார்த்தது. இந்த அடையாளங்கள் உடல் கோளாறையும் மனக் கோளாறையும் பிரித்துக் காட்டுவதாகச் சான்று இல்லை, பணத்துக்காக நடிப்பவர்களோடு இவற்றுக்குத் தொடர்பு இருப்பதாகவும் நல்ல சான்று இல்லை. வலி அதிகமாக இருப்பதோடும், சிகிச்சையின் பலன் குறைவாக இருப்பதோடும்தான் தொடர்பு இருந்தது என்பதே அவர்களுடைய முடிவு. அதாவது, இந்த அடையாளங்கள் இருப்பவருக்கு வலி அதிகம், அவருக்கு உதவுவதும் கடினம். அதற்கு மேல் அவை எதையும் சொல்வதில்லை.

இதெல்லாம் ஏன் அவ்வளவு பெரிய விஷயமாயிற்று என்று புரிய, வாடெல் வருவதற்கு முன்னால் முதுகுவலிக்கு என்ன செய்தார்கள் என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டில் லிவர்பூலில் ஹ்யூ ஓவன் தாமஸ் என்ற எலும்பு வைத்தியர் இருந்தார், எலும்புக்கும் மூட்டுக்கும் ஓய்வு, கட்டாயமான, இடைவிடாத, நீண்ட ஓய்வு என்பது அவருடைய கொள்கை. காசநோய் பிடித்த மூட்டுக்கும் உடைந்த எலும்புக்கும் அது பொருந்தியது. அதை அப்படியே சாதாரண முதுகுவலிக்கும் நீட்டினார்கள். பிறகு 1934இல் பாஸ்டனில் மிக்ஸ்டரும் பாரும் டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்துவதால் கால்வலி வருகிறது, அதை ஆபரேஷன் செய்து எடுக்கலாம் என்று காட்டினார்கள். அருமையான கண்டுபிடிப்பு, இன்றைக்கும் செல்லும். ஆனால் அதற்கப்புறம் முதுகில் எது வலித்தாலும் டிஸ்க் என்றாயிற்று. ஆபரேஷன் அளவுக்கு இல்லையென்றால் பலகைக் கட்டிலில் வாரக்கணக்கில் படு, காலில் எடை கட்டித் தொங்கவிடு, பெல்ட் போடு. டிஸ்க்கால் நரம்பு அழுத்தப்பட்டு ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் முதுகுவலிக்காரர்களில் ஒரு சிறு பகுதிதான். அந்தச் சிறு பகுதிக்குக்கூட நார்வேயின் ஹென்ரிக் வெபர் 126 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து நடத்திய ஆய்வில், ஓராண்டில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் மேலாக இருந்தார்கள், நான்காம் ஆண்டில் வித்தியாசம் கணிசமாக இல்லை, பத்தாம் ஆண்டில் சுத்தமாக இல்லை. இதை அவர் 1983இல் வெளியிட்டார்.

வாடெல் 1987இல் எழுதிய கட்டுரைதான் உண்மையில் வெடிகுண்டு. முதுகுவலி ஆய்வுக்கு அந்தக் காலத்தில் பெரிய மரியாதையான வால்வோ விருது அதற்குக் கிடைத்தது. அவர் வைத்த வாதம் எளிது, ஆனால் டாக்டர்களுக்குக் கசப்பு. முதுகுவலி எக்காலத்திலும் இருந்தது, இப்போது கூடியிருப்பதாகச் சான்று இல்லை. கூடியிருப்பது முதுகுவலியால் முடங்கிப்போகிறவர்களின் எண்ணிக்கை. வேலைக்குப் போக முடியாமல், நிரந்தரமாக நோயாளியாகிவிட்டவர்கள். எம்ஆர்ஐ, புது மருந்து, புது ஆபரேஷன் எல்லாம் வரவர இந்த எண்ணிக்கை குறைய வேண்டும், ஆனால் மேற்கு நாடுகளில் ஏறிக்கொண்டே போகிறது. அப்படியானால் மருத்துவமே இந்த முடக்கத்தை உண்டாக்குகிறதோ என்று கேட்டார். ஓய்வு எடு, குனியாதே, கனம் தூக்காதே, உன் முதுகு பலவீனம் என்று சொல்லிச் சொல்லி ஆளைக் கட்டிலில் போட்டது யார்?

அதற்கு மாற்றாக அவர் எடுத்துக்கொண்டது, அமெரிக்காவின் ரோசெஸ்டரில் ஜார்ஜ் எங்கல் என்ற மருத்துவர் 1977இல் முன்வைத்த உடல், மனம், சமூகம் மூன்றையும் சேர்த்துப் பார்க்கும் முறை. முதுகுவலிக்குப் பொருத்தும்போது அது இப்படி வரும்: முதுகில் ஏதோ ஒரு இடத்தில் வலி உண்டாகிறது, அது உண்மை. அந்த வலி என்ன, அது எதைக் குறிக்கிறது என்று அந்த மனிதர் நினைப்பது அடுத்தது. அந்த நினைப்பால் அவர் என்ன செய்கிறார், நடையைக் குறைக்கிறாரா, படுத்துக்கொள்கிறாரா என்பது அதற்கடுத்தது. வீட்டில், வேலையிடத்தில், இழப்பீட்டு வாரியத்தில் அவரை எப்படி நடத்துகிறார்கள் என்பது எல்லாவற்றையும் சூழ்ந்திருப்பது. வலி குறையாமலேயே முடக்கம் குறையலாம். வலி குறைந்த பிறகும் முடக்கம் நிற்கலாம். 1993இல் அவர் குழு ஒரு கேள்வித்தாளைக் கொண்டுவந்தது. "உடம்பை அசைத்தால் என் முதுகுக்குக் கெடுதல்", "என் வேலை என் முதுகைக் கெடுத்துவிடும்" என்ற ரீதியில் உள்ள வாக்கியங்களுக்கு நோயாளி எவ்வளவு ஒத்துப்போகிறார் என்று மதிப்பெண் போடுவது. வேலைக்குப் போக முடியாமல் இருப்பதற்கு, வலி எவ்வளவு கடுமை என்பதைவிட வேலையைப் பற்றிய இந்தப் பயம் நெருக்கமாகப் பொருந்திவந்தது.

இது வெறும் தத்துவம் என்று ஒதுக்க முடியாதபடி சோதனைகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. டெக்சாஸின் சான் அன்டோனியோவில் ரிச்சர்ட் டேயோவும் சகாக்களும் 203 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் படுக்கை ஓய்வும் மறுபக்கத்துக்கு ஏழு நாளும் சொன்னார்கள். இரண்டு நாள்காரர்கள் வேலைக்குப் போகாத நாட்கள் 45 சதவீதம் குறைவு, மற்றபடி எந்த நஷ்டமும் இல்லை. இது 1986. ஒன்பது ஆண்டு கழித்து ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் செய்த ஆய்வில் மூன்று பிரிவு: படுக்கை, முதுகுப் பயிற்சி, முடிந்த வரை வழக்கமான வேலையைத் தொடர்வது. மூன்றாவதுதான் ஜெயித்தது. நடுவில் 1994இல் கலிஃபோர்னியாவில் முதுகுவலியே இல்லாத 98 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்குச் சற்று மேற்பட்டவர்களுக்கு ஒரு டிஸ்காவது வெளியே உப்பியிருந்தது. கால்வாசிக்கு மேல் டிஸ்க் பிதுக்கம். எல்லா டிஸ்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். வலியில்லாத ஆட்கள் இவர்கள்! பின்லாந்தில் 115 ஜோடி ஒரே மாதிரி இரட்டையர்களை வைத்து மிஷெல் பாட்டியேவும் தாப்பியோ விடேமனும் செய்த ஆய்வு, டிஸ்க் தேய்மானத்துக்குக் கனம் தூக்கிய வேலையைவிட பரம்பரைக்கே பங்கு அதிகம் என்று காட்டியது. "மூட்டை தூக்கித் தூக்கி டிஸ்க் போச்சு" என்ற கதை முழுக்க சரியல்ல என்று அர்த்தம்.

ஆனால் வாடெல் ஸ்கேனே எடுக்காதே என்று சொன்னவர் அல்ல, இதை ஒரு பத்தியாவது சொல்லியாக வேண்டும். முதலிலேயே நோயாளிகளை மூன்றாகப் பிரி என்பது அவருடைய உறுதியான பாடம்: சாதாரண முதுகுவலி, நரம்பு வேர் அழுத்தப்படுவதால் வரும் கால்வலி, அப்புறம் ஆபத்தான நோய் ஒளிந்திருக்கும் சந்தேகம். மூன்றாவது வகைக்கு ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது. புற்றுநோய் வந்து தேறியவருக்குப் புதிதாக முதுகுவலி, காய்ச்சலோடு வலி, காரணமில்லாமல் எடை குறைவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது தானாகக் கசிவது, உட்காரும் இடமெல்லாம் மரத்துப்போவது, கால் தளர்ந்துகொண்டே போவது, இவையெல்லாம் அந்த வகை. நம் ஊரில் இந்தப் பட்டியலில் முதுகெலும்புக் காசநோயை மேலே வைக்க வேண்டும். ஸ்காட்லாந்தில் எழுதிய வழிகாட்டியை அப்படியே இங்கே ஒட்டினால் அதைத் தவறவிட நேரும். முதுகெலும்புக் காசநோய்க்கான மருந்து சிகிச்சை ஆய்வுகள் சென்னையிலும் நடந்தன என்பதை நினைவில் வைத்தால் போதும்.

சரி, வலியின் அறிவியல் இதற்குள் எங்கே போயிருந்தது? 1965இல் ரொனால்ட் மெல்சாக்கும் பாட்ரிக் வாலும், தண்டுவடத்தில் வலிச் செய்தி அப்படியே மூளைக்குப் போவதில்லை, அங்கே ஒரு கதவு போன்ற அமைப்பு இருக்கிறது, மேலிருந்து மூளை இறக்கும் கட்டளையும் கீழிருந்து வரும் தொடு உணர்வும் அந்தக் கதவைத் திறக்கவோ சாத்தவோ செய்யும் என்றார்கள். வாலின் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த கிளிஃபர்ட் உல்ஃப் 1983இல் எலிகளிடம் காட்டியது இன்னும் முக்கியம்: காயம் பட்ட பிறகு தண்டுவட நரம்பணுக்களே அதிகம் கிளர்ந்துபோகின்றன. அப்புறம் சாதாரணத் தொடுதல்கூட வலியாகத் தெரியும், அடிபட்ட இடத்தைத் தாண்டியும் வலி பரவும்.

இதை வாடெல் அடையாளங்களோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் சங்கடமாக இருக்கும். தோலை லேசாகத் தொட்டாலே வலி, பெரிய பரப்பில் வலி, நரம்புப் பாதைக்குப் பொருந்தாத வலி: 1980இல் "உடல் சார்ந்ததல்ல" என்று ஒதுக்கியவற்றில் ஒரு பகுதியை, மூன்றே ஆண்டில் உல்ஃப் உடலிலேயே காட்டிவிட்டார் என்று நான் வாசிக்கிறேன். இப்படித் திசுவில் காயமோ நரம்பில் சேதமோ தெரியாமல், வலியை உணரும் அமைப்பே மாறிப்போனதால் வரும் வலிக்கு, உலக வலி ஆய்வுச் சங்கம் 2017இல் மூன்றாவது வகை என்று தனி இடமே கொடுத்தது. உச்சந்தலையை அழுத்தினால் இடுப்பு வலிக்கிறது என்கிறவர் பொய் சொல்கிறார் என்பதற்கும், அவருடைய நரம்பு மண்டலம் எதையும் வலியாகவே எதிர்பார்த்துக் காத்திருக்கிறது என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்தச் சோதனை பிடிக்காது. வாடெலின் 1987 கட்டுரை உடல், மனம் என்று கோடு கிழிக்கக் கூடாது என்கிறது. அவருடைய 1980 கட்டுரை அந்தக் கோட்டின் மேல்தான் நிற்கிறது. உலகம் கடன் வாங்கியது 1980ஐ. அதுதான் சுலபம், ஐந்து நிமிடத்தில் செய்து முடித்துக் கையெழுத்துப் போட்டுவிடலாம்.

1990களின் நடுவில் பிரிட்டனின் பொது மருத்துவர்களுக்கான வழிகாட்டிகளில் வாடெலின் கை இருந்தது: படுக்காதே, நடமாடு, சீக்கிரம் வேலைக்குத் திரும்பு. 1996இல் நோயாளிகளுக்காக ஒரு சிறு கையேடும் வந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1997 முதல் அந்தக் கையேட்டின் செய்தியையே டிவி விளம்பரங்களாக்கி, முதுகுவலி என்றால் படுத்துவிடாதே என்று பிரபலங்களையும் டாக்டர்களையும் பேச வைத்தார்கள். ரேச்சல் புக்பைண்டர் குழு பக்கத்து நியூ சவுத் வேல்ஸோடு ஒப்பிட்டு அளந்தது: மக்களின் நம்பிக்கையும் மாறியது, டாக்டர்கள் நடத்தும் விதமும் மாறியது, முதுகுவலி இழப்பீட்டுக் கோரிக்கைகளும் குறைந்தன. வாடெல் அதையே சொந்த ஊரில் செய்து பார்க்க நினைத்தார். 2000இல் ஸ்காட்லாந்து முழுக்க ரேடியோ விளம்பரம். மக்களின் எண்ணம் நன்றாகவே மாறியது, ஓய்வுதான் மருந்து என்று நினைத்தவர்கள் குறைந்தார்கள். ஆனால் வேலைக்கு வராத நாட்களும் உதவித்தொகைக் கோரிக்கைகளும் அசையவில்லை. இதை மறைக்காமல் அவரே வெளியிட்டார் என்பதற்கு அவருக்கு ஒரு மதிப்பெண் கொடுக்க வேண்டும்.

ஏன் அசையவில்லை? கிளாஸ்கோ சுற்றுவட்டாரம் கப்பல் கட்டுமிடங்களும் நிலக்கரிச் சுரங்கங்களும் மூடிப்போன பூமி. ஐம்பது வயதில் வேலை போன ஒருவருக்கு முதுகுவலியும் இருக்கிறது. அவருடைய பயத்தைப் போக்கியாயிற்று, நடக்கவும் செய்கிறார், சரி, எந்த வேலைக்குத் திரும்புவார்? 'சமூகம்' என்ற மூன்றாவது பாகத்தில் இதுதான் முதலில் வந்திருக்க வேண்டும். வாடெல் எழுதியதில் அது உண்டு, ஆனால் நோயாளியின் நம்பிக்கைகளுக்குக் கிடைத்த இடம் அதற்குக் கிடைக்கவில்லை.

அடுத்து நடந்தது அரசியல். 2004இல் வேல்ஸின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் ஊனமும் மனச்சமூகக் காரணிகளும் பற்றிய ஆய்வு மையம் ஒன்று தொடங்கியது. பணம் போட்டது அமெரிக்க இன்ஷூரன்ஸ் நிறுவனமான யூனம்ப்ராவிடென்ட், தலைமை மான்செல் எய்ல்வர்ட், அவர் பிரிட்டன் அரசின் வேலை மற்றும் ஓய்வூதியத் துறையில் தலைமை மருத்துவ ஆலோசகராக இருந்தவர். வாடெல் அங்கே எய்ல்வர்டோடு சேர்ந்தார். 2005இல் இருவரும் சேர்ந்து, வேலை செய்ய இயலாதவர்களுக்கான உதவித்தொகை பற்றி எழுதினார்கள். அந்தத் தொகை வாங்குகிறவர்கள் அப்போது 25 லட்சத்துக்கும் மேல், அவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது முதுகுவலி, மன அழுத்தம் போன்ற சாதாரணக் கோளாறுகள், சரியான ஆதரவு கொடுத்தால் பலர் திரும்பி வேலைக்கு வரலாம் என்பது வாதம். 2006இல் கிம் பர்ட்டனோடு சேர்ந்து, பொதுவாக வேலை உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்று சான்றுகளைத் திரட்டினார். அதில் வேலை தரமானதாக, பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கிறது. அரசுக்கு அந்த நிபந்தனை தேவைப்படவில்லை.

2008இல் புது உதவித்தொகை முறையும் வேலைத் திறன் மதிப்பீடு என்ற புள்ளி போடும் தேர்வும் வந்தன. கை தூக்க முடியுமா, இவ்வளவு தூரம் நடக்க முடியுமா என்று கம்ப்யூட்டர் படிவத்தில் தட்டி, போதிய புள்ளி இல்லையென்றால் வேலைக்குத் தகுதி என்று தீர்ப்பு. பல ஆண்டுகளாக நோயில் கிடந்தவர்கள் அதில் அடிபட்டார்கள், மேல்முறையீடுகள் குவிந்தன, ஊனமுற்றோர் அமைப்புகள் தெருவில் இறங்கின. 2016, 2017 வாக்கில் டாம் ஷேக்ஸ்பியர், நிக்கலஸ் வாட்சன், ஓலா அபு அல்காயிப் மூவரும் எழுதிய கட்டுரை வாடெலையும் எய்ல்வர்டையும் நேரடியாகவே குற்றம்சாட்டியது: நோயாளியின் மனப்போக்கே தடை என்று காட்டி, பாதிக்கப்பட்டவர் மேலேயே பழியைப் போடும் வேலை இது, எங்கல் சொன்ன முறைக்கும் இதற்கும் பெயர் மட்டும்தான் பொது என்று.

நான் யார் பக்கம்? மருத்துவத்தில் வாடெல் பக்கம், கொள்கையில் அவரை விமர்சித்தவர்கள் பக்கம். "உன் முதுகு உடைந்துபோகவில்லை, எழுந்து நட" என்று நோயாளியைத் தெரிந்த டாக்டர் சொன்னால் அது சிகிச்சை. அதையே பணம் நிறுத்தும் அதிகாரம் உள்ள அலுவலர் சொன்னால் அது மிரட்டல். நல்ல எண்ணத்தோடுதான் வாடெல் கொள்கை வகுக்கும் அந்த மேசைக்குப் போனார் என்று நினைக்கிறேன், ஆனால் டொரான்டோவிலேயே வாரியத்து நோயாளிகளைப் பார்த்தவருக்கு, தன் சோதனைகள் எப்படித் திரிக்கப்பட்டன என்று 1998இலேயே எழுதியவருக்கு, இது எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா?

மருத்துவப் பக்கத்தில் அவர் சொன்னவை இன்று கிட்டத்தட்ட எல்லோரும் ஏற்றுக்கொண்ட பாடம். உலகத்தில் மனிதர்களை முடக்கும் காரணங்களில் கீழ் முதுகுவலிதான் முதலிடம், 2020இல் 61.9 கோடிப் பேருக்கு இருந்தது என்பது மதிப்பீடு. 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டியில் நாள்பட்ட முதுகுவலிக்குப் பயிற்சி, விளக்கம் சொல்லிப் புரியவைத்தல், மனநல ஆலோசனை எல்லாம் இருக்கின்றன. இடுப்பு பெல்ட், எடை கட்டி இழுக்கும் டிராக்‌ஷன், ஓபியாய்டு என்ற போதைத்தன்மையுள்ள வலி மாத்திரை மூன்றும் வழக்கமாகத் தர வேண்டாம் என்ற பக்கத்தில் இருக்கின்றன. நம் ஊர் மெடிக்கல் ஷாப்பில் பெல்ட் விற்பனை இதனால் குறைந்ததாகத் தெரியவில்லை.

வாடெலின் கேள்விக்கு, அதாவது மருத்துவரின் சொல்லே ஆளை முடக்குமா என்பதற்கு, மிக நேரடியான சோதனைகளில் ஒன்று நடந்தது கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையில். எஸ். ராஜசேகரன் தலைமையிலான முதுகெலும்புக் குழு. இவர்கள் முதுகுவலியை மனசு சம்பந்தப்பட்டது என்று தள்ளும் ஆட்கள் இல்லை. டிஸ்குக்கு ரத்தக்குழாய் இல்லாததால் எலும்பின் விளிம்புத் தட்டு வழியாக எப்படி ஊட்டம் கசிந்து போகிறது என்று எம்ஆர்ஐயில் மணிக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்து உலக விருது வாங்கியவர்கள். அவர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், ஆபத்து எதுவும் இல்லாத முதுகுவலிக்காரர்கள் 44 பேரைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கத்துக்கு எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் உள்ள தேய்மானம், பிதுக்கம், கிழிசல் எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி விளக்கினார்கள். மறுபக்கத்துக்கு, பயப்பட ஒன்றுமில்லை, வயசுக்கேற்ற மாற்றங்கள்தான் என்று சொன்னார்கள். சிகிச்சை ஒன்றுதான். ஆறு வாரம் கழித்து, ரிப்போர்ட்டை முழுசாகக் கேட்டவர்கள் தங்கள் முதுகைப் பற்றி மோசமாக நினைத்தார்கள், மோசமானதையே கற்பனை செய்தார்கள், வலியும் அவ்வளவாகக் குறையவில்லை, வேலை செய்யும் திறனும் பின்தங்கியிருந்தது.

அதோடு நிற்காமல் அதே படங்களுக்கு வழக்கமான ரிப்போர்ட்டையும், நோயாளிக்குத் தேவையானதை மட்டும் மிதமான சொற்களில் சொல்லும் ரிப்போர்ட்டையும் மருத்துவத் துறையினரிடமே கொடுத்துப் பார்த்தார்கள். சர்ஜன்களும் ரிப்போர்ட்டின் சொல்லுக்கேற்ப நோயின் கடுமையைக் கூட்டியும் குறைத்தும் மதிப்பிட்டார்கள், ஆபரேஷன் தேவை என்ற எண்ணமும் அதற்கேற்ப மாறியது. 44 பேர் சிறிய எண்ணிக்கை, ஆறு வாரம் குறைந்த காலம். நோயாளியிடம் எவ்வளவு சொல்லலாம், எவ்வளவு மறைக்கலாம் என்ற நியாயக் கேள்வியும் உண்டு. இப்போதெல்லாம் ரிப்போர்ட் டாக்டர் கைக்கு வருவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் நோயாளியின் கைக்கு வந்துவிடுகிறது, அவர் அதை கூகுளில் தேடியும் முடித்திருப்பார். ஆகவே மாற வேண்டியது ரேடியாலஜிஸ்ட் எழுதும் வாக்கியம். "எல்4-எல்5 டிஸ்க் தேய்மானம்" என்று எழுதுகிற இடத்தில், இந்த வயதில் வலியில்லாத பலருக்கும் இது இருக்கும் என்று ஒரு வரி சேர்க்க எந்த மெஷினும் வாங்க வேண்டியதில்லை.